சுவரில் ஓடும் பெரிய சிலந்தி, மார்புக்கடியில் வெள்ளை வில்லை: இது எந்த இனம், என்ன செய்வது?

செங்கோட்டை வாசகி கேட்டிருப்பது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வசிப்பது ஓடு வேய்ந்த பழைய வீடு. அதன் அரங்கு வீட்டில், அரிசிப் பானைகளும் பழைய பித்தளைப் பாத்திரங்களும் அடுக்கியிருக்கும் பகுதியில், கடந்த சில இரவுகளாக ஒரு பெரிய சிலந்தியைக் காண்கிறேன். கால்களை விரித்து அது சுவரில் அமர்ந்திருக்கும்போது என் உள்ளங்கையை ஏறக்குறைய மறைத்துவிடும் அளவுக்கு இருக்கிறது. நிறம் மங்கிய பழுப்பு. கண்களுக்குக் கீழே முகத்தின் குறுக்காக வெளிர் மஞ்சள் கலந்த ஒரு வெண்கோடு தெரிகிறது. எங்கும் வலை பின்னியதாகத் தெரியவில்லை. விளக்கைப் போட்டவுடன் சற்று நேரம் அசையாமல் இருக்கிறது. நான் ஓரடி எடுத்து வைத்தால் உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் நுழைந்து மறைந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய உடல் அந்த இடுக்கில் எப்படிப் புகுகிறது என்பதே எனக்கு விளங்கவில்லை.

இப்போது கேட்பதற்குக் காரணம் வேறு. நேற்றிரவு பார்த்தபோது அது தன் மார்புக்கடியில் வட்டமான, தட்டையான, வெள்ளை வில்லை போன்ற ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தது. ஓடும்போதும் அதைக் கைவிடவில்லை. அது முட்டைப்பை என்றால் அதிலிருந்து எத்தனை குஞ்சுகள் வரும், அவை வீடு முழுவதும் பரவுமா என்று என் மாமியார் கவலைப்படுகிறார். கரப்பான் மருந்தைத் தெளித்துவிடலாம் என்பது என் கணவரின் கருத்து. வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் எனக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. ஆனாலும் முட்டையைச் சுமந்துகொண்டு திரியும் ஓர் உயிரை என்னவென்றே தெரியாமல் கொல்வதற்கு மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் இது எந்த இனம், நஞ்சுள்ளதா, இதன் வாழ்க்கை எத்தகையது என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வனச்சுவடு எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் கவனித்துச் சொன்ன அடையாளங்கள் தெளிவாக இருப்பதால், படம் இல்லாமலேயே இதை அடையாளம் காண முடிகிறது. இது வேட்டைச் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனட்டோரியா. ஸ்பராசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1767ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயரிட்டுவிட்டார். முதிர்ந்த சிலந்தியின் உடல் ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். ஆனால் கால்விரிவு 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை செல்லும் என்பதால் பார்ப்பவருக்கு உடலும் மிகப் பெரியதுபோலத் தோன்றிவிடுகிறது. உங்களுடையது பெண். ஆணின் உடல் சற்றுச் சிறியது, கால்கள் இன்னும் நீளமானவை. தலையும் மார்பும் ஒன்றாகிய உடலின் முன்பகுதியான தலைமார்பின் மேற்புறத்தில் அதற்கு நீளவாக்கில் கருநிறக் குறி ஒன்று இருக்கும்.

உறுதியாகச் சொல்வதற்கு எனக்கு உதவியது அந்த வெள்ளை வில்லைதான். முட்டைப்பையைச் சுமக்கும் பழக்கம் வேறு சில சிலந்திகளுக்கும் உண்டு என்றாலும், ஒவ்வொரு குடும்பமும் அதைச் சுமக்கும் முறை வேறு. வயல்களிலும் புல்தரைகளிலும் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, உருண்டையான பையை வயிற்றின் நுனியில், இழை சுரக்கும் உறுப்புகளோடு ஒட்டி இழுத்துச் செல்லும். குஞ்சுகள் வெளிவந்த பின் அவற்றை முதுகிலும் ஏற்றிக்கொள்ளும். வேட்டைச் சிலந்தியோ தட்டையான வில்லையாகப் பையைச் செய்து, முகத்தருகே கைகள்போல இருக்கும் இரண்டு சிறு உறுப்புகளால் அணைத்து, உடலுக்கடியில் வைத்துக்கொள்ளும். நீங்கள் "மார்புக்கடியில்" என்றும் "தட்டையான" என்றும் எழுதியதும் ஐயம் தீர்ந்துவிட்டது.

அந்த வில்லைக்குள் 200 அளவில் முட்டைகள் இருக்கக்கூடும். இந்த எண்ணைக் கேட்டு உங்கள் மாமியார் அஞ்ச வேண்டியதில்லை. முட்டைகள் பொரிந்த பின்பும் குஞ்சுகள் சிறிது காலம் பைக்குள்ளேயே இருந்து, ஒருமுறை தோலுரித்த பிறகுதான் வெளியே வரும். வந்தவுடன் தாயைவிட்டுக் கலைந்துபோகும். அவற்றுள் பெரும்பாலானவை முதிர்ச்சி அடைவதே இல்லை. பல்லி தின்னும், பெரிய சிலந்திகள் தின்னும், ஒன்றையொன்றும் தின்னும். எஞ்சியவை இரை கிடைக்கும் இடம் தேடி வெளியேறிவிடும். ஒரு வீட்டில் எத்தனை வேட்டைச் சிலந்திகள் வாழ முடியும் என்பதை அங்கே எத்தனை கரப்பான்கள் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

பையைச் சுமக்கும் சில வாரங்களில் தாய் பெரும்பாலும் உண்பதில்லை. அதற்கு முன் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டே அந்தக் காலத்தைக் கடக்கிறது. நீங்கள் கூர்ந்து பார்த்தால் அதன் வயிறு சுருங்கியிருப்பது தெரியலாம். இந்த நிலையில் அதை விரட்டினால் பையைப் போட்டுவிட்டு ஓடக்கூடும். ஆகவே இயன்றவரை அந்தப் பக்கம் விளக்கையும் துடைப்பத்தையும் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

இடுக்கில் நுழைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான சிலந்திகளின் கால்கள் உடலுக்குக் கீழே மடிந்து நிற்கும். இதன் கால்களோ அடிப்பகுதியிலேயே திருகியதுபோல அமைந்து, நண்டின் கால்களைப்போலப் பக்கவாட்டில் விரிந்து கிடக்கின்றன. உடலும் தட்டையானது. அதனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எப்பக்கமும் ஓட முடிகிறது. இயற்கையில் இந்த உடலமைப்பு மரப்பட்டையின் இடுக்குகளுக்கும் பாறைப் பிளவுகளுக்கும் ஏற்பட்டது. அவற்றுக்கு ஒப்பான இடங்கள் நம் வீடுகளில் நிலைக்கதவுக்குப் பின்னும் உத்திரத்தின் மேலும் படச்சட்டத்தின் மறைவிலும் தயாராக இருப்பதால்தான் அது நம்மோடு வாழ்கிறது.

நஞ்சு உண்டு, சிலந்திகளுள் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் உண்டு. அது பூச்சிகளை வீழ்த்துவதற்கானது. கையால் பிடித்து அழுத்தினாலோ, உடைக்குள் சிக்கிக்கொண்டாலோ, முட்டைப்பையோடு இருக்கும்போது சீண்டினாலோ கடிக்கும். கடித்தால் வலியும் சிறிது வீக்கமும் ஏற்பட்டுத் தணிந்துவிடும். உயிருக்கு ஆபத்தானதாக இது கருதப்படுவதில்லை. குழந்தையைத் தேடி வந்து கடிக்கும் இயல்பு இதற்கு இல்லை. மனிதர் நடக்கும் அதிர்வை உணர்ந்தாலே மறையும் உயிர் இது. ஆயினும் பல நாள் கொடியில் தொங்கிய துணியை உதறி அணிவதும், குழந்தையின் படுக்கையைச் சுவரிலிருந்து சற்று விலக்கி இடுவதும் எல்லா வகையிலும் நல்ல பழக்கங்களே.

வவுனியா ஆசிரியர் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் அடையாளத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆயினும் எங்கள் பகுதி மக்களும் தமிழகத்தின் கரையோர மக்களும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தியை இங்கே சேர்ப்பது பயனுள்ளது என்று கருதுகிறேன். நாங்கள் புலிமுகச் சிலந்தி என்று அழைக்கும் இனங்கள் வேறு. இந்த வேட்டைச் சிலந்தி வேறு. இரண்டும் பெரியவை, இரண்டும் வேகமானவை, இரண்டும் சில வேளைகளில் வீட்டுக்குள் வருபவை. அந்த ஒற்றுமையைக் கொண்டு ஒன்றின் பழியை மற்றதன்மீது சுமத்திவிடுகிறோம்.

புலிமுகச் சிலந்திகள் பொசிலோதீரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. கால்கள் தடித்தும் மயிர் அடர்ந்தும் இருக்கும். உடலின் மேற்புறத்தில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக அழகான கோலங்கள் இருக்கும். முன்கால்களைத் தூக்கினால் அடிப்புறத்தில் மஞ்சள் நிறப் பட்டைகள் தெரியும் இனங்களும் உண்டு. இவற்றின் நச்சுப்பற்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக மேலிருந்து கீழ்நோக்கிக் குத்துபவை. வேட்டைச் சிலந்தியின் பற்களோ எதிரெதிரே நகர்ந்து இடுக்கியாகப் பற்றுபவை. புலிமுகச் சிலந்தியின் கடி கடும் வலியைத் தருவதோடு தசைப்பிடிப்பையும் உண்டாக்குவது மருத்துவப் பதிவுகளில் காணப்படுகிறது. ஆகவே அத்தகைய கோலமுள்ள சிலந்தி கடித்தால் வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

இவற்றையும் கொல்ல வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பழைய மரங்களின் பொந்துகளே இவற்றின் உண்மையான இருப்பிடம். அந்த மரங்கள் வெட்டப்படும்போதுதான் பழைய கட்டடங்களை நாடுகின்றன. இராமேசுவரத்தில் கண்டறியப்பட்டு 2004இல் பெயரிடப்பட்ட ஓர் இனம் அழிவின் விளிம்பில் உள்ளதாக 2008இல் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. அதே இனம் பின்னர் கடலுக்கு இப்பால் மன்னாரிலும் பதிவாகியிருக்கிறது. இரு கரைகளிலும் வாழும் ஓர் உயிரைப் பெயர் தெரியாமலே இழந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்குண்டு. உங்கள் வீட்டில் இருப்பது அதுவல்ல என்பதில் ஐயமில்லை. முகத்திலுள்ள வெண்கோடும் மார்புக்கடியிலுள்ள வில்லையும் போதுமான சான்றுகள்.

செங்கோட்டை வாசகி:

இவ்வளவு விரிவாக எழுதிய இருவருக்கும் நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். குஞ்சுகள் கலைந்துபோகும் என்று அறிந்ததில் அவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி என்னவென்றால், எட்டுக்கால் பூச்சி உடலில் ஊர்ந்தாலோ அதன் நீர் பட்டாலோ கொப்புளம் கிளம்பும் என்று அவர் உறுதியாக நம்புகிறார். சென்ற மழைக்காலத்தில் அவருடைய கழுத்தில் தீப்பட்டதுபோல நீளக் கொப்புளம் வந்ததையும் சான்றாகச் சொல்கிறார். இது உண்மையா?

இன்னொன்றையும் அறிய விரும்புகிறேன். அது அவ்வளவு விரைவாக ஓடுகிறது. ஆனால் அறைக்குள் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஓடிய பின் களைத்ததுபோல நின்றுவிட்டது. வலையே இல்லாமல் இரையை எப்படித்தான் பிடிக்கிறது?

உடலியல் மாணவன் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்றவரை விளக்கம் தருகிறேன். அது களைத்து நின்றதை நீங்கள் கவனித்தது மிகவும் நுட்பமானது. இந்த உயிரின் உடலியலே அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது.

நம் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட ஒரு தசையும் இருக்கின்றன. சிலந்தியின் காலில் இரண்டு முக்கியமான மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் தசை கிடையாது. தலைமார்பிலுள்ள தசைகள் சுருங்கி, உடலில் ஓடும் திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்துவதால்தான் அந்த மூட்டுகள் நீள்கின்றன. மண் அள்ளும் ஜேசிபி இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதும் இதே தத்துவம்தான். இறந்த சிலந்தியின் கால்கள் எப்போதும் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதற்குக் காரணமும் இதுவே: அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசைகளுக்கு எதிர்ப்பு இல்லை.

இந்த ஏற்பாடு திடீர்ப் பாய்ச்சலுக்கு மிகச் சிறந்தது. நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றதன்று. இதயமும், புத்தகத்தின் ஏடுகள்போல அடுக்கடுக்காக அமைந்த சுவாச உறுப்பான புத்தக நுரையீரலும் வயிற்றுப் பகுதியில் இருக்கின்றன. கால்களை இயக்கும் தசைகளோ தலைமார்பில் இருக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது தலைமார்பில் அழுத்தம் மிகவும் உயர்வதால், வயிற்றிலிருந்து பிராணவாயுவைச் சுமந்துவரும் திரவம் அங்கே எளிதில் நுழைய முடிவதில்லை. எனவே அந்தச் சில நொடிகளில் தசைகள் தம்மிடம் சேமித்துவைத்த ஆற்றலையே செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் பிராணவாயு இல்லாமலேயே ஆற்றலை உண்டாக்குவதால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. பிறகு ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். அதைத் துரத்தித் துரத்தி விரட்டுவோர், அது "முறைத்துக்கொண்டு நிற்கிறது" என்று தவறாக நினைப்பது இந்த நேரத்தைத்தான். அப்போது அது ஓட இயலாத நிலையில் இருக்கிறது.

இதனால்தான் இது இரையைத் துரத்திச் செல்வதில்லை. மாலை இருட்டிய பின் மறைவிடத்திலிருந்து வெளியே வந்து, சுவரில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, கால்களை விரித்து அசையாமல் காத்திருக்கிறது. கால்களிலுள்ள மெல்லிய உணர்மயிர்கள் காற்றின் மிகச் சிறு அசைவையும் அறியும். கால் உறையில் உள்ள நுண்ணிய பிளவுகள் சுவரில் பரவும் அதிர்வை அறியும். முகத்தில் நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள் இருந்தாலும் இருளில் வேட்டையாடும்போது இந்த உணர்வுகளையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. கரப்பானும் எளிதில் சிக்கும் உயிரல்ல. அதன் வால்புறத்திலுள்ள இரண்டு உறுப்புகள் பின்னாலிருந்து வரும் காற்றசைவை உணர்ந்து நொடியில் ஓட வைக்கின்றன. அந்த நொடிக்குள் பாய்ந்து பற்ற வேண்டும் என்ற கட்டாயமே வேட்டைச் சிலந்தியின் வேகத்தை வடித்திருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். பற்றியவுடன் நஞ்சைச் செலுத்தி, செரிமானச் சாறை உமிழ்ந்து, இரையைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். கரப்பான், சுவர்க்கோழி, அந்துப்பூச்சி ஆகியவை இதன் வழக்கமான உணவு. சிறு பல்லிகளைப் பிடித்ததும் உண்டு. கொல்கத்தாவுக்கு அருகே ஒரு கொட்டகையில் இந்த இனம் ஒரு சிறு வௌவாலைப் பிடித்ததாகவும் பதிவு இருக்கிறது. ஆனால் அது அரிதினும் அரிது.

நீங்கள் கண்ட முகக்கோடு பற்றி ஓர் அரிய செய்தி உண்டு. தைவானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வெண்கோடு இரவில் பறக்கும் பூச்சிகளை, குறிப்பாக அந்துப்பூச்சிகளை, தன்னிடம் ஈர்க்கிறது என்று காட்டினார்கள். கோட்டின்மீது பழுப்பு வண்ணம் பூசி மறைத்த சிலந்திகளுக்கு இரை கிடைப்பது குறைந்தது. வலையில்லாத ஒரு வேட்டையாடி, அசையாமல் அமர்ந்தபடியே, பறக்கும் இரையைத் தன் முகத்தருகே வரவழைக்கிறது. இதை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆண் சிலந்தி ஒலி எழுப்புவதும் வியப்புக்குரியது. பெண்ணின் அருகே வரும்போது அது தன் கால்நுனிகளிலுள்ள ஒட்டும் மயிர்களால் தரையைப் பற்றிக்கொண்டு கால்களை விரைவாக அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு மனிதக் காதுக்கும் கேட்கும் ரீங்காரமாக எழுகிறது. உடலின் ஒரு பகுதியை மற்றொன்றோடு உரசாமலும், தரையைத் தட்டாமலும் ஒலி உண்டாக்கும் இந்த முறை 1980இல் விவரிக்கப்பட்டது. கண்ணாடியிலும் வழுக்காமல் ஏற உதவும் அதே ஒட்டும் மயிர்களே இங்கே வேறு பணிக்கும் பயன்படுவதைக் கவனியுங்கள்.

தோல்நோய் மருத்துவர் ஒருவர் எழுதியது:

கொப்புளம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும். தங்கள் மாமியாருக்கு வந்த துன்பம் உண்மையானது. ஆனால் அதற்குச் சிலந்தி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சிலந்தியின் கழிவு தோலில் பட்டுக் கொப்புளம் உண்டாவதில்லை.

மழைக்காலம், கழுத்து, நீளவாக்கில் தீப்பட்டதுபோன்ற புண் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது முதலில் நினைவுக்கு வருவது பெடரஸ் என்னும் சிறு வண்டு. எறும்பைப்போல ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாக மாறி மாறி வண்ணங்களோடு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் இருக்கும். வயல்களில் நெற்பயிரின் பூச்சிகளைத் தின்று நன்மை செய்யும் இந்த வண்டு, மழைக்குப் பிந்தைய இரவுகளில் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வருகிறது. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடலில் ஊரும்போது நாம் அதை அறியாமல் தேய்த்து நசுக்கிவிட்டால், அதன் உடல் நீரிலுள்ள பெடரின் என்னும் நச்சு தோலில் பரவி, ஒன்றிரண்டு நாட்களுக்குள் எரிச்சலும் கொப்புளமும் தோன்றும். கை தேய்த்த திசையிலேயே புண் நீள்வது இதன் தனி அடையாளம். இரவில் உறக்கத்தில் நடப்பதால் காலையில் சுவரில் தெரியும் பெரிய சிலந்தியின்மேல் பழி விழுந்துவிடுகிறது.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் வந்து கடும் வலி இருந்தால் அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மை நோயின் கிருமி உடலில் உறங்கியிருந்து மீண்டும் எழுவதால் வருவது அது. அதற்கு மருந்து உண்டு, தொடக்கத்திலேயே மருத்துவரிடம் செல்வது மிக முக்கியம். "எட்டுக்கால் பூச்சி செய்த வேலை" என்று எண்ணிப் பலர் அந்த முதல் சில நாட்களை வீணாக்கிவிடுவதை நான் தொடர்ந்து காண்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வண்டு ஊர்வதைக் கண்டால் நசுக்காமல் ஊதி அகற்றிவிட்டு, அந்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

வனச்சுவடு எழுதியது:

மருந்து தெளிப்பது பற்றி முன்னமே எழுதியிருக்க வேண்டும். கரப்பானுக்காகத் தெளிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை நரம்பைத் தாக்கும் நஞ்சுகள். தெளித்த சுவரில் நடந்தாலே சிலந்தியும் இறந்துபோகும். சில வாரங்களில் மருந்தின் வீரியம் குறைந்ததும் சாக்கடைக் குழாய் வழியே கரப்பான்கள் திரும்பி வந்துவிடும். விரைந்து பெருகும் இயல்பு அவற்றுக்கு உண்டு. வேட்டைச் சிலந்தி அப்படி விரைவாகத் திரும்புவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டவற்றில் ஆண் ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டும் பெண் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலும் வாழ்ந்திருக்கின்றன. அதில் பெரும்பகுதி பலமுறை தோலுரித்து வளர்வதிலேயே கழிகிறது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் சுவரெங்கும் பூச்சிமருந்து இருப்பது சிலந்தியைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

மனம் ஒப்பவில்லை என்றால் கொல்லாமலே அகற்றும் வழி இருக்கிறது. பகலில் அது அசையாமல் இருக்கும்போது அகன்ற வாயுள்ள டப்பா ஒன்றை மெதுவாகச் சுவரோடு கவிழ்த்து, கெட்டியான அட்டையை அடியில் நுழைத்து மூடி, கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கிய இடத்திலோ மரத்தடியிலோ விட்டுவிடலாம். காலைப் பிடித்து இழுத்தால் காலைக் கழற்றிவிட்டு ஓடும். இளம் சிலந்திக்கு அடுத்த தோலுரிப்பில் புதிய கால் முளைக்கும், ஆனால் முதிர்ந்த பின் தோலுரிப்பு நின்றுவிடுவதால் உங்கள் வீட்டுச் சிலந்தி இழந்த காலைத் திரும்பப் பெறாது. முட்டைப்பை இருக்கும்வரை இதையும் தள்ளிப்போடலாம் என்றே வேண்டுகிறேன்.

இதன் எதிரிகளைப் பற்றியும் ஒரு சொல். பல்லி, பறவை ஆகியவற்றோடு, சிலந்தியை மட்டுமே வேட்டையாடும் குளவிகளும் உண்டு. அந்தக் குளவி சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, தன் வளைக்கு இழுத்துப்போய், அதன்மேல் ஒரே ஒரு முட்டையை இடும். புழு வெளிவந்ததும் உயிரோடு இருக்கும் அந்தச் சிலந்தியே அதற்கு உணவு. பகலில் அரங்கு வீட்டின் இடுக்குகளைக் கருநீலக் குளவி ஒன்று துருவித் துருவித் தேடுவதைக் கண்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இந்தச் சிலந்தி நம் ஆசியப் பகுதியிலிருந்து கப்பல் சரக்குகளோடு, சிறப்பாக வாழைத்தார்களோடு, பரவியதால் இன்று ஃபுளோரிடா, ஹவாய், மேற்கிந்தியத் தீவுகள் முதலிய வெப்பமான இடங்களிலும் வாழ்கிறது. கடுங்குளிர் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்துகிறது. குளிர்நாடுகளில் சூடாக்கிய கண்ணாடிக் கூடங்களுக்குள் மட்டும் தென்படும்.

கடைசியாக, வரும் மாதங்களில் சுவரிலோ பானைக்குப் பின்னாலோ அசைவற்ற சிறு சிலந்தி ஒன்று தொங்குவதைக் கண்டால், இறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தலைமார்பின் மேல்பகுதி மூடிபோலத் திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அது உரித்துப்போட்ட தோல். உங்கள் வீட்டில் தங்கிய குஞ்சு ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். புதிய தோல் இறுகும்வரை அது மிகவும் மென்மையாக இருக்கும். அருகில் எங்கேனும்தான் மறைந்திருக்கும் என்பதால் அன்று அந்த இடத்தைப் பெருக்காமல் விட்டால் போதும்.